அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சுங்கை சிப்புட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மகள் இங்கிலாந்தில் மேற்படிப்பு படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை மாலை தேநீர் குடித்தபடியே ஆசிரியர் கணினியைத் திறக்கிறார். மகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. தலைப்பு: "அவசரம்".

"அன்புள்ள தந்தையே, தோழிகளுடன் ஸ்பெயினுக்கு வந்த இடத்தில் கைப்பையைப் பறிகொடுத்துவிட்டேன். கைத்தொலைபேசியும் அதோடு போய்விட்டது. விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். 6,000 ரிங்கிட் தேவைப்படுகிறது. கோலாலம்பூரில் இருக்கும் என் தோழியின் அண்ணனுடைய வங்கிக் கணக்கு எண்ணைக் கீழே கொடுத்துள்ளேன். இன்றே அனுப்பிவிடுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்."

ஆசிரியர் அனுப்பியவரின் முகவரியைப் பார்க்கிறார். மகளின் முகவரியேதான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. கை நடுங்க வங்கிச் செயலியைத் திறக்கிறார். கணக்கு எண்ணைப் பதிகிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி பின்னால் வந்து நிற்கிறார்.

"என்னங்க இது?"

மறைக்க முடியவில்லை. படித்துப் பார்த்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மீண்டும் ஒருமுறை படிக்கிறார்.

"ஏங்க, புள்ள எப்பவாச்சும் உங்கள 'அன்புள்ள தந்தையே'ன்னு கூப்பிட்டிருக்காளா?"

"அவசரத்துல எழுதியிருக்கும்மா."

"அவசரம்னா 'ப்பா'ன்னுதான் எழுதுவா. பணத்த அப்புறம் அனுப்பலாம், மொதல்ல அவகிட்ட பேசுங்க."

கைத்தொலைபேசி தொலைந்துவிட்டதாகக் கடிதம் சொல்கிறது. இருந்தாலும் ஆசிரியர் அந்த எண்ணை அழைக்கிறார். மூன்றாவது மணியில் மகள் எடுக்கிறாள். அவள் ஸ்பெயினுக்குப் போகவே இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் அந்தக் கடிதம் கற்பனையன்று. அதே பாணியில் எழுதப்பட்ட கடிதங்கள் பல ஆண்டுகளாக உலகமெங்கும் சுற்றி வருகின்றன. அவற்றை நம்பிப் பணம் அனுப்பியவர்களில் படித்தவர்களும் உண்டு, பாசமுள்ள பெற்றோர்களும் உண்டு. ஆசிரியரின் பணத்தைக் காப்பாற்றியது கணினி அறிவு அல்ல. தன் மகள் எப்படி எழுதுவாள் என்பதை அறிந்த ஒரு தாயின் கவனமும், அழுத்துவதற்கு முன் எடுத்துக்கொண்ட ஒரு நிமிடமும்தான்.

மின்னஞ்சலில் பாதுகாப்பு ஒன்று, பண்பு வேறொன்று என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன. வந்த கடிதத்தைத் திறக்கும்போது "இதை அனுப்பியவர் யார்?" என்று கேட்பது பாதுகாப்பு. எழுதிய கடிதத்தை அனுப்பும்போது "இதைப் படிக்கப் போகிறவர் யார்?" என்று கேட்பது பண்பு. இரண்டுக்கும் தேவைப்படுவது அந்த ஒரு நிமிடமே.

உறையின் மேல் எந்தப் பெயரையும் எழுதலாம்

தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கு வரும். கிராணியார் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். படிக்கத் தெரியாதவர்கள் கடிதத்தை வாத்தியாரிடம் எடுத்துச் செல்வார்கள். அவர் அதை உரக்கப் படித்துக் காட்டுவார். கேட்டதை வெளியே சொல்ல மாட்டார். கடிதத்துக்கும் அதைப் பெற்றவருக்கும் நடுவில் நம்பிக்கைக்குரிய மனிதர்கள் இருந்தார்கள்.

மின்னஞ்சலுக்கு நடுவில் அப்படி யாரும் இல்லை. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் செய்தி அனுப்பும் முறையை அமைத்தார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட 'அட்' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. அன்று அந்த வலையமைப்பைப் பயன்படுத்தியவர்கள் ஆராய்ச்சியாளர்களின் ஒரு சிறு வட்டத்தினர். அனுப்புநர் பொய்ப் பெயரில் எழுதுவார் என்ற கவலை அவர்களுக்கு எழவில்லை. பின்னர் உலகம் முழுவதும் பரவிய மின்னஞ்சல் முறையும் அதே நம்பிக்கையில்தான் எழுந்தது. உறையின் பின்பக்கத்தில் யாருடைய பெயரையும் எழுதிப் பெட்டியில் போடலாம் அல்லவா? மின்னஞ்சலிலும் அப்படியே. அனுப்புநரைச் சரிபார்க்கும் முறைகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டன. ஆனாலும் எல்லாப் போலிகளும் அவற்றில் சிக்குவதில்லை.

அந்த நம்பிக்கையை முதலில் சோதித்தவர் ஒரு விற்பனையாளர். 1978ஆம் ஆண்டு மே மாதம், கேரி துர்க் என்பவர் தம் நிறுவனத்தின் கணினிகளை விளம்பரப்படுத்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே நேரத்தில் கடிதம் அனுப்பினார். கேட்காமல் வந்த அந்தக் கடிதத்தைக் கண்டு பலரும் கோபப்பட்டார்கள். இன்று குப்பை அஞ்சல் என்று அழைக்கப்படுவதன் தொடக்கமாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

22 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது அதைவிடக் கொடியது. 2000ஆம் ஆண்டு மே 4ஆம் தேதி, "உன்னைக் காதலிக்கிறேன்" என்ற பொருள் தரும் ஆங்கிலத் தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் பிலிப்பைன்ஸிலிருந்து புறப்பட்டது. இணைப்பாக வந்த காதல் கடிதத்தைத் திறந்தவுடன், கணினியில் இருந்த படங்களையும் கோப்புகளையும் அது அழித்தது. முகவரிப் புத்தகத்தில் இருந்த அனைவருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. ஆசியாவில் தொடங்கி ஒரே நாளில் ஐரோப்பா, அமெரிக்கா என்று பரவியது. அதை எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்டவரைத் தண்டிக்க அன்று பிலிப்பைன்ஸில் பொருத்தமான சட்டம் இல்லை. அவர் விடுவிக்கப்பட்டார். அதற்கான சட்டம் அடுத்த மாதம்தான் வந்தது.

அந்தக் கிருமி ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? அது அந்நியர் பெயரில் வரவில்லை. அலுவலக நண்பர், மேலாளர், உறவினர் என்று தெரிந்தவர்களின் பெயரில் வந்தது. தெரிந்த பெயரைப் பார்த்தவுடன் கை தானாகவே அழுத்திவிட்டது. சுங்கை சிப்புட் ஆசிரியருக்கும் அதே சோதனைதான் வந்தது.

42 மில்லியன் டாலர் போன கதை

ஏமாறுவது முதியவர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 2024ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் தேதி, சிங்கப்பூரில் உள்ள ஒரு வணிக நிறுவனத்துக்கு அதன் சரக்கு வழங்குநரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தரவேண்டிய தொகையைத் தீமோர் லெஸ்தேயில் உள்ள புதிய வங்கிக் கணக்குக்கு அனுப்பும்படி அது கேட்டுக்கொண்டது. வழக்கமான வழங்குநர், வழக்கமான பாக்கி. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜூலை 19ஆம் தேதி 42.3 மில்லியன் அமெரிக்க டாலர் அனுப்பப்பட்டது. நான்கு நாள்கள் கழித்து, உண்மையான வழங்குநர் "பணம் இன்னும் வரவில்லையே" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. அந்தப் போலி முகவரியின் எழுத்துகள் உண்மை முகவரியிலிருந்து மிகச் சிறிதளவே மாறியிருந்தன.

நிறுவனம் உடனே காவல் துறையில் புகார் செய்தது. சிங்கப்பூர்க் காவல் துறை அனைத்துலகக் காவல் அமைப்பான இண்டர்போல் வழியாகத் தீமோர் லெஸ்தேயைத் தொடர்புகொண்டது. இரண்டே நாள்களில் 39 மில்லியன் டாலர் தடுத்து நிறுத்தப்பட்டது. பின்னர் 2 மில்லியனுக்கு மேல் மீட்கப்பட்டது. ஏழு பேர் கைதானார்கள். பணத்தில் பெரும்பகுதி திரும்பியதற்குக் காரணம், ஏமாந்தது தெரிந்தவுடன் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சொன்னதுதான்.

அதே 2024ஆம் ஆண்டில் ஹாங்காங்கிலிருந்து வந்த செய்தி இன்னும் ஒருபடி மேலே போனது. ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியருக்கு, தலைமை நிதி அதிகாரியின் பெயரில் இரகசியப் பணப் பரிமாற்றம் பற்றிய ஒரு செய்தி வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார். அதன்பின் அவரை ஒரு காணொளிக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அங்கே தெரிந்த முகங்கள் பேசின. எல்லாமே கணினியால் உருவாக்கப்பட்ட போலி முகங்கள், போலிக் குரல்கள். அவர் 15 தடவையாக ஏறக்குறைய 200 மில்லியன் ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார்.

எழுத்துப் பிழை இருந்தால் அது மோசடிக் கடிதம் என்று முன்பெல்லாம் சொல்வார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்த அடையாளம் போய்விட்டது. மோசடிக்காரர்களும் இப்போது பிழையில்லாமல் எழுதுகிறார்கள், தமிழிலும்கூட. "அன்புள்ள தந்தையே" என்ற தவறு இன்று நடந்தது. நாளை அவர்கள் பழைய கடிதங்களைப் படித்துப் பார்த்து "ப்பா" என்றே எழுதக்கூடும்.

எனவே நிரந்தரமான விதி ஒன்றுதான். பணமோ, கடவுச்சொல்லோ, அடையாள அட்டைப் படமோ கேட்டு ஒரு கடிதம் வந்தால், வந்த வழியிலேயே பதில் சொல்லக் கூடாது. ஏற்கெனவே கையில் இருக்கும் எண்ணை அழைத்துக் கேட்க வேண்டும். கடிதத்தில் கொடுக்கப்பட்ட எண்ணை அல்ல. அம்மையார் சொன்னதும் அதுவே: "மொதல்ல அவகிட்ட பேசுங்க."

முகவரியைப் படிக்கும் முறை

திரையில் பெரிதாகத் தெரியும் பெயரை நம்ப வேண்டாம். அந்தப் பெயரின் மேல் அழுத்தினால் முழு முகவரி தெரியும். 'அட்' குறிக்குப் பின்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசியில் நிற்பதுதான் வீடு. முன்னால் இருப்பதெல்லாம் வாசலில் ஒட்டிய விளம்பரம். வங்கியின் பெயர் முன்னால் இருந்து, கடைசியில் வேறு ஏதோ பெயர் இருந்தால் அது வங்கியிலிருந்து வந்ததன்று.

எழுத்துகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' என்ற இரண்டு சிறிய எழுத்துகளை நெருக்கமாக எழுதினால் 'எம்' போலத் தெரியும். 'ஓ' எழுத்துக்குப் பதில் சுழியத்தைப் போடலாம். அவசரமாகப் படிக்கும் கண்ணுக்கு இவை தெரியாது.

கடிதத்தில் உள்ள இணைப்புகளும் அப்படித்தான். 2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் ஒரு வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். செய்தியில் இருந்த இணைப்பை அழுத்தி, வங்கியின் தளம் என்று நம்பி விவரங்களைக் கொடுத்ததே காரணம். அதன்பின் 2022ஆம் ஆண்டு ஜனவரியில், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் அழுத்தக்கூடிய இணைப்புகளை நீக்கும்படி சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. வங்கியின் வேலையை வங்கியின் சொந்தச் செயலியிலேயே பார்ப்பது நல்லது. கடிதத்தின் வழியாக வங்கிக்குள் நுழைய வேண்டாம்.

எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி

மகளின் முகவரியிலிருந்தே அந்தக் கடிதம் எப்படி வந்தது? கதையில் நடந்தது இதுதான்: அவள் இணையத்தில் துணி வாங்கிய ஒரு கடையிலும் மின்னஞ்சலிலும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாள். கடையின் விவரங்கள் கசிந்தன. திருடன் அதே சொல்லை மின்னஞ்சலில் போட்டுப் பார்த்தான். கதவு திறந்துகொண்டது.

மின்னஞ்சல் கணக்கு மற்றக் கணக்குகளைப் போன்றதன்று. எந்தத் தளத்தில் கடவுச்சொல்லை மறந்தாலும், அதை மாற்றும் வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. எனவே அது வீட்டின் சாவிக்கொத்து. அதற்கென்று தனியாக, நீளமான ஒரு கடவுச்சொல் வேண்டும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வைத்தால் நினைவில் நிற்கும், கண்டுபிடிப்பதும் கடினம். முதியவர்கள் அதை ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைத்தாலும் தவறில்லை. எல்லா இடத்திலும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதைவிட அது மேல்.

அதோடு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட வேண்டும். கடவுச்சொல் திருடனுக்குத் தெரிந்தாலும், கைத்தொலைபேசியில் ஒப்புதல் இல்லாமல் உள்ளே நுழைவது அவனுக்கு எளிதாக இராது. அந்த ஒப்புதல் எண்ணை வங்கி கேட்டாலும், காவல் துறை என்று சொல்லிக் கேட்டாலும், பெற்ற பிள்ளையின் பெயரில் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

கணக்கு ஒருமுறை களவு போயிருந்தால், கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. வரும் கடிதங்களைத் தானாகவே வேறு முகவரிக்கு அனுப்பும் கட்டளை ஒன்றைத் திருடன் அமைப்புகளுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதைத் தேடி நீக்க வேண்டும். மீட்பு முகவரியும் மீட்புத் தொலைபேசி எண்ணும் தம்முடையவைதானா என்று பார்க்க வேண்டும். மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறிவிட வேண்டும்.

பணமே போய்விட்டதா? உடனே வங்கியை அழைக்க வேண்டும். மலேசியாவில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் 997. சிங்கப்பூரில் வந்த செய்தி மோசடியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள 1799 என்ற எண் இருக்கிறது. மலேசியாவில் பணம் அனுப்புவதற்கு முன்பே, அரச மலேசியக் காவல் துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கின் மீது புகார் வந்திருந்தால் தெரிந்துவிடும்.

தப்பித்த பிறகு செய்த தவறு

சுங்கை சிப்புட் குடும்பத்தின் கதை அங்கே முடியவில்லை.

பணம் தப்பியது. ஆசிரியருக்குக் கோபம் தணியவில்லை. உறவினர்களை எச்சரிக்க வேண்டும் என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான். முகவரிப் புத்தகத்தில் இருந்த 60 பேரின் முகவரியையும் ஒரே கட்டத்தில் போட்டு, "என் மகளின் பெயரில் மோசடி" என்று தலைப்பிட்டு, அந்தப் போலிக் கடிதத்தையும் இணைத்து அனுப்பிவிட்டார். அதற்கு முன் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளவில்லை.

அரை மணி நேரத்தில் பெரியப்பா ஒருவர் பதில் எழுதினார். "பொம்பளப் புள்ளைய தனியா வெளிநாட்டுக்கு அனுப்பினா இப்படித்தான். ஊர் சுத்தினதுக்குத்தான் பணமோ என்னவோ, யாருக்குத் தெரியும்?" தம்பிக்கு மட்டும் எழுதுவதாக நினைத்து 'அனைவருக்கும் பதில்' என்ற பொத்தானை அழுத்திவிட்டார். 60 பேரும் அதைப் படித்தார்கள். பட்டியலில் மகளின் முகவரியும் இருந்தது.

அன்று இரவு மகள் அழைத்தாள். "ஏம்ப்பா, என் பேரப் போட்டு எல்லாருக்கும் அனுப்பினீங்க? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். ஆசிரியரிடம் பதில் இல்லை. 6,000 ரிங்கிட் போயிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

திருடனிடமிருந்து தப்பியது அந்தக் குடும்பம். உறவினரின் அவசர விரலிலிருந்து தப்ப முடியவில்லை. அந்தப் பெரியப்பா மகளை நேரில் பார்த்து அப்படிச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார். எதிரே முகம் தெரியாதபோது மனிதனின் நாக்கு நீண்டுவிடுகிறது. பதறிய காரியம் சிதறும் என்று பெரியவர்கள் சொன்னது மின்னஞ்சலுக்கும் பொருந்தும்.

ஆசிரியர் என்ன செய்திருக்க வேண்டும்? முதலில் மகளிடம் கேட்டிருக்க வேண்டும். பிறகு "என் மகளின் மின்னஞ்சலை யாரோ திருடிவிட்டார்கள். பணம் கேட்டு வரும் கடிதத்தை நம்ப வேண்டாம். அவள் நலமாக இருக்கிறாள்" என்று மூன்று வரி எழுதியிருக்கலாம். முகவரிகளை மறைநகல் கட்டத்தில், அதாவது 'பிசிசி' என்ற இடத்தில் போட்டிருந்தால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிந்திருக்காது. 'அனைவருக்கும் பதில்' அழுத்தினாலும் அது ஊரைச் சுற்றியிருக்காது. 60 பேரின் முகவரிகள் ஒரே கடிதத்தில் திறந்து கிடந்தால், அவர்களில் ஒருவருடைய கணக்கு களவு போனாலும் 60 முகவரிகளும் திருடன் கையில் சேரும். இங்கேதான் பண்பும் பாதுகாப்பும் ஒன்றாகின்றன.

அடுத்தவர் நேரம், அடுத்தவர் மனம்

நல்ல மின்னஞ்சலுக்குப் பெரிய இலக்கணம் தேவையில்லை. தலைப்பைப் படித்தாலே கடிதம் எதைப் பற்றியது என்று தெரிய வேண்டும். "வணக்கம்" என்றோ "முக்கியம்" என்றோ மட்டும் தலைப்பிட்டால், அதுவும் மோசடிக்காரன் எழுதியது போலவே இருக்கும். "ஞாயிறு காலை 10 மணிக் கோயில் கூட்டம், இடமாற்றம்" என்று எழுதினால் பெறுபவருக்குச் சந்தேகமும் இல்லை, நேர விரயமும் இல்லை. முடிவில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போல இருக்கும் என்பது இளையோர் பலருக்குத் தெரியும். பெரியவர்கள் சிலருக்கு இன்னும் தெரியாது.

இணைப்பு அனுப்பும்போது அது என்ன என்று ஒரு வரி எழுத வேண்டும். எதுவும் எழுதாமல் வெறும் இணைப்பை மட்டும் அனுப்பிப் பழகியவரின் பெயரில் ஒரு கிருமி வந்தால், நண்பர்கள் அதையும் வழக்கம்போலத் திறந்துவிடுவார்கள்.

பிறர் எழுதிய கடிதத்தை மூன்றாமவருக்கு அனுப்புவதற்கு முன் எழுதியவரைக் கேட்க வேண்டும். தோட்டத்து வாத்தியார் காத்த நாணயம் அதுதான். "பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும்" என்று வரும் தொடர் கடிதங்களை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கலாம். அவருக்கு ஏன் அந்தப் பயம்?

தமிழில் எழுதுவதிலும் இந்த அக்கறை இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை இருந்தது. ஒருவர் ஆசையாகத் தமிழில் எழுதி அனுப்புவார். பெறுபவர் திரையில் கட்டமும் கோடுமாகத் தெரியும். 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் கூடியவர்கள் இதைப் பற்றியெல்லாம் விவாதித்தார்கள். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் உழைத்தது, எழுதுபவர் எழுதியது பெறுபவருக்கு அப்படியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். இன்று யுனிகோட் முறையால் அந்தத் தொல்லை நீங்கிவிட்டது. பாட்டிக்குப் பேரன் தமிழிலேயே எழுதலாம். எழுதத்தான் வேண்டும்.

கோபத்தில் எழுதிய கடிதத்தை மட்டும் உடனே அனுப்ப வேண்டாம். பெறுநர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எழுதுங்கள். தவறி அழுத்தினாலும் போகாது. காலையில் படித்துப் பார்த்தால் பாதி வரிகளை நீக்கத் தோன்றும். ஜிமெயிலில் அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற 30 விநாடி வரை அவகாசம் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அதற்குப் பிறகு போனது போனதுதான். மலேசியச் சான்றுச் சட்டத்தின் 90ஏ பிரிவின்படி, கணினியிலிருந்து எடுக்கப்பட்ட ஆவணங்கள் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படலாம். பேசியது காற்றோடு போகலாம். எழுதியது இருக்கும்.

வீட்டுக்கென்று ஒரு கேள்வி

இரண்டு நாள்கள் கழித்துப் பெரியப்பா ஒரு கடிதம் எழுதினார். இம்முறை மகளுக்கு மட்டும். தலைப்பு: "பெரியப்பா மன்னிப்புக் கேட்கிறேன்". உள்ளே ஒரே வரி: "கண்ணு, யோசிக்காம எழுதிட்டேன்." மகள் அதைப் படித்தவுடன் அவரைத் தொலைபேசியில் அழைத்தாள். எழுதியது அவர்தானா என்று உறுதி செய்துகொள்ள என்று சொல்லிச் சிரித்தாளாம்.

ஆசிரியர் குடும்பம் இப்போது ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. பணம் கேட்டு யார் எந்த வழியில் வந்தாலும் ஒரு கேள்வி கேட்கப்படும்: பாட்டி தோட்டத்து வீட்டில் வளர்த்த ஆட்டின் பெயர் என்ன? அந்தப் பெயர் எந்த இணையதளத்திலும் இல்லை. எந்தக் கடிதத்திலும் எழுதப்படவில்லை. அந்த வீட்டு மனிதர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

நேயர்களே, இன்றிரவு உணவு நேரத்தில் உங்கள் வீட்டிலும் அப்படியொரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். தாத்தா பாட்டியும் பிள்ளைகளும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கட்டும். அடுத்த முறை "அவசரம்" என்று ஒரு கடிதம் வரும்போது, அனுப்பியவர் யார் என்று கேளுங்கள். அடுத்த முறை கோபத்தில் பதில் எழுதும்போது, படிக்கப் போகிறவர் யார் என்று கேளுங்கள். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.